ஜேம்ஸ் பாண்டின் கைத்துப்பாக்கி: வாசகர் கடிதமும் புதினத் திருத்தமும்

முன்னுரை
இயன் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்டு புதின வரிசையில் துப்பாக்கி வெறும் அணிகலன் அன்று. ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையே நிகழ்ந்த கருத்துப் பரிமாற்றத்தின் சான்றாகும்.

பெரெட்டாவும் கடிதமும்
‘கேசினோ ராயல்’ (1953) முதலாகப் பாண்டு மறைத்துச் சுமப்பது .25 துளையளவுடைய பெரெட்டா. அது ஆற்றல் குறைந்தது, பெண்களுக்கே ஏற்றது என்று 1956இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த துப்பாக்கி வல்லுநர் ஜெஃப்ரி பூத்ராய்டு ஃபிளெமிங்கிற்கு எழுதினார்; .38 துளையளவுடைய ஸ்மித் அண்டு வெசன் சுழல்துப்பாக்கியையும் பெர்ன்ஸ்-மார்ட்டின் உறையையும் பரிந்துரைத்தார்.

புதினத்தில் திருத்தம்
‘டாக்டர் நோ’ (1958) புதினத்தில், முந்தைய பணியின்போது பெரெட்டா சிக்கிக்கொண்டதைக் காரணங்காட்டித் தலைவர் எம் அதனைத் திரும்பப் பெறுகிறார். மாற்றாக 7.65 மி.மீ. வால்தர் பிபிகேயும் ஸ்மித் அண்டு வெசனும் வழங்கப்படுகின்றன. அவற்றைத் தேர்ந்தளிக்கும் படைக்கல வல்லுநரின் பெயர் மேஜர் பூத்ராய்டு. திருத்தம் சொன்ன வாசகர் இவ்வாறு கதைமாந்தரானார். ஆயினும் சுழல்துப்பாக்கிக்குரிய பெர்ன்ஸ்-மார்ட்டின் உறையை ஃபிளெமிங் வால்தருக்கும் பொருத்திவிட்டார். ஒரு பிழையைக் களைந்த இடத்திலேயே மற்றொரு பிழை புகுந்தது.

முடிவுரை
பாண்டின் துப்பாக்கி அரசு வழங்கியது. கொல்லும் உரிமமும் அரசு வழங்கியதே. தமிழ்ப் புதினமொன்றில் சைதாப்பேட்டையில் இயங்குவதாகப் படைக்கப்படும் தனியார் துப்பறிவாளரோ, 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி, துப்பாக்கி வைத்திருக்கவே உரிமம் பெறவேண்டியவர். எனவே துப்பறியும் புதின ஆய்வில் துப்பாக்கியின் வகையோடு, அதனை ஏந்தும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதும் ஆராயத்தக்கது.