எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை

2020 ஏப்ரலில் வண்டலூரில் எங்கள் தெருமுனையில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். கசப்பில் முகம் சுளித்தபடி நானும் ஒரு டம்ளர் குடித்தேன். கொரோனா வராமலிருக்க எதிர்ப்பு சக்தியைக் கூட்டு என்று ஊரே சொன்ன காலம் அது. என் வேலையோ அதைக் குறைக்கும் மாத்திரையை எண்ணிக் கொடுப்பது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனை ஒன்றில் நான் மருந்தாளுநர்.

உறுப்பு மாற்றின் கதையில் எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்துக்குப் பெரிய இடம் உண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போலீஸ் வழி ஒதுக்கித் தர, அவன் இதயம் முகப்பேருக்குப் போய் ஒரு சிறுமியின் நெஞ்சில் துடித்தது. அந்த ஆண்டே அரசு இதற்கென்று தனித் திட்டம் தொடங்கியது. 2014இல் அது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் ஆனது.

அந்த இதயத்தின் பயணம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பின் வருகிற வருஷங்களெல்லாம் மாத்திரையின் கையில். மாற்றிய உறுப்பை உடம்பு எதிர்க்காமலிருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் அந்த மாத்திரைதான் டாக்ரோலிமஸ், 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த மருந்து. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ரத்தத்தில் அளவு குறைந்தால் உடம்பு உறுப்பை ஏற்காது. கூடினால் கை நடுங்கும், சிறுநீரகம் கெடும். பம்பளிமாஸ் பழம் தின்றாலே அளவு ஏறிவிடும்.

2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் நின்றது. நோயாளிகள் வந்து நின்ற ஜன்னல் வெறிச்சோடி, என் மேஜைப் போன் ஓயாமல் அடித்தது. "கபசுரம் குடிக்கலாமா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். சிறுநீரகம் மாற்றி நாலு வருஷம். "தம்பி, பத்து நாள் மாத்திரைதான் இருக்கு. ராத்திரி வேளையை விட்டுட்டா இருபது நாளைக்கு வரும்ல?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு வண்டியில் போய், ஊரப்பாக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு டீக்கடை பெஞ்சில் மாத்திரைப் பொட்டலத்தை வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றேன். அவர் பையனை அனுப்பாமல் தானே வந்திருந்தார். மாத்திரை அட்டையைப் பிரித்து, காலை, ராத்திரி என்று என் முன்னாலேயே எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

கொரோனாவுக்கான மருந்துகளே எங்களுக்கு இன்னொரு சோதனை. தொடக்கத்தில் கொடுத்துப் பார்த்த லோபினாவிர்–ரிட்டோனாவிர், டாக்ரோலிமஸ் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். 2021இல் கறுப்புப் பூஞ்சை வந்தபோது அதற்குக் கொடுத்த போசகோனசோலும் அப்படித்தான். அந்த மருந்தைத் தொடங்கினால் டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும். பூஞ்சைக்கான இன்னொரு மருந்து ஆம்போடெரிசினோ சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அதற்கும் அப்போது தட்டுப்பாடு. மருந்துச் சீட்டை மூன்று தடவை படிக்காமல் அந்த மாதங்களில் நான் ஒன்றையும் கையை விட்டு அனுப்பியதில்லை.

மாற்று உறுப்போடு வாழ்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், மாத்திரை தீர்ந்த பிறகு கடைக்குப் போகாதீர்கள். பதினைந்து நாளைக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கி வையுங்கள்.