கழற்றிய போல்ட்டை மறுபடி போடலாமா? ஒரு சின்ன வரலாறு

கண்ணமங்கலம், வேலூர்–திருவண்ணாமலை சாலையில் ஜவ்வாது மலைக்கு அடிவாரத்தில் இருக்கும் ஊர். மலை ஏறும் வண்டிக்கு ரேடியேட்டரில் தண்ணி குறைஞ்சா எஞ்சின் சூடேறும். சூடு எல்லை மீறினால் முதலில் அடிவாங்குவது ஹெட் கேஸ்கட். அப்புறம் ஹெட்டைக் கழற்றணும், லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தணும், புது கேஸ்கட் வைக்கணும். கடைசியில் ஒரு கேள்வி வரும்: கழற்றின ஹெட் போல்ட்டையே திரும்பப் போடலாமா?

"போல்ட்டு நல்லாதானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்பதுதான் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் கிடைக்கிற பதில். இதை அறியாமைன்னு ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் அது முழுக்கச் சரியான பதில். மாறியது போல்ட்தான்.

கதையை ராபர்ட் ஹூக்கிடமிருந்து ஆரம்பிக்கலாம். 1676இல் அவர் தன் கண்டுபிடிப்பு ஒன்றை, எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டார். 1678இல் விடையை வெளியிட்டார். ஒரு ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ, அந்த அளவுக்கு அதன் விசையும் கூடும் என்பதே விடை. போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான். இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் ஹூக் சொன்னதுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி இழுத்தால் எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பாது. பொறியாளர்கள் அந்த எல்லையை யீல்டு புள்ளி என்கிறார்கள்.

ஒரே போல்ட்டைக் கழற்றி மாட்டும் வசதி வந்ததுக்கு இன்னொரு காரணம் ஜோசப் விட்வொர்த். அவருக்கு முன்பு பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒரு போல்ட்டின் நட்டு இன்னொன்றில் ஏறாது. 1841இல் அவர் முன்வைத்த ஒரே சீரான மரை அளவுதான் நட்டையும் போல்ட்டையும் எங்கே வேண்டுமானாலும் மாற்றிப் போடக்கூடிய பொருளாக்கியது.

நம்ம ஊருக்கு இந்தப் பழக்கம் வந்த வழி அம்பாசிடர். உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அந்தக் காரில் 1959 முதல் வந்தது 1489 சிசி பிஎம்சி எஞ்சின். பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஹெட்டைப் பிடிக்க ஸ்டட்டும் நட்டும். அவற்றை யீல்டு புள்ளிக்கு ரொம்பக் கீழேயே நிறுத்தி இறுக்குவார்கள். கழற்றினால் ஸ்டட் பழைய நீளத்துக்கே வந்துவிடும். மரை கெடாத வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். உதிரிபாகம் எளிதில் கிடைக்காத அந்தக் காலத்தில் இந்தச் சிக்கனம் ஒரு தொழில் அறிவு. டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் பாசனர்ஸ் சென்னை பாடியில் உற்பத்தியைத் தொடங்கியதே 1966இல்தான்.

அந்த முறையில் ஒரு குறையும் இருந்தது. டார்க் ரெஞ்ச் காட்டும் எண், நாம் போல்ட்டைத் திருகும் விசை. நமக்கு வேண்டியது போல்ட்டின் இழுவை. திருகும் விசையில் சுமார் 90 சதவீதம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடுகிறது. மீதி 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் துரு இருக்கா, ஆயில் இருக்கா என்பதைப் பொறுத்து, ஒரே எண்ணில் இறுக்கிய இரண்டு போல்ட்டுகளின் இழுவை வெகுவாக மாறலாம். பழைய எஞ்சின்களில் கேஸ்கட் மாற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஹெட்டை மறுபடி இறுக்கவும் சொல்வார்கள்.

அடுத்த சிக்கல் அலுமினியம். எடை குறைக்க வார்ப்பிரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் பரவலாக வந்தது. அலுமினியம் சூட்டில் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 10 செ.மீ. உயரமுள்ள ஹெட் 70 டிகிரி சூடேறினால் 0.16 மி.மீ. விரிகிறது; எஃகு போல்ட் 0.08 மி.மீ.தான். மிச்ச விரிவை யாராவது தாங்கணும். ஒவ்வொரு சூட்டிலும் போல்ட்டின் இழுவை ஏறும், ஆறினால் இறங்கும்.

1970களிலும் 80களிலும் இதுக்குக் கிடைத்த விடைதான் டார்க்-டு-யீல்டு போல்ட். முதலில் ஒரு குறைந்த டார்க். பிறகு டார்க்கை மறந்துவிட்டு, 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்புவது. மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் 90 டிகிரிக்கு 0.375 மி.மீ. இங்கே உராய்வு ஏமாற்ற முடியாது. போல்ட் வேண்டுமென்றே யீல்டு புள்ளியைத் தாண்டி இழுக்கப்படுகிறது. அந்தப் பகுதியில் இன்னும் கொஞ்சம் நீண்டாலும் இழுவை அதிகம் மாறாது. அதனால் எல்லா போல்ட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பிடிக்கும், மறுபடி இறுக்கும் வேலையும் இல்லை.

இதுக்கு விலை ஒன்று உண்டு: போல்ட் நிரந்தரமாக நீண்டுவிட்டது. கழற்றிப் பார்த்தால் புதுசு மாதிரியே பளபளக்கும். இன்னொரு தடவை அதே கோணத்துக்குத் திருப்பினால் இன்னும் நீளும். ஒரு கட்டத்தில் நடுவில் இளைக்கும். பிறகு பிடிமானம் குறைந்து கேஸ்கட் மறுபடி போகும், இல்லாவிட்டால் இறுக்கும்போதே பிளாக்குக்குள் முறியும்.

அப்போ எல்லாமே ஒருமுறைதானா? இல்லை. 1980களின் பென்ஸ் டீசல் எஞ்சின்களில் சிலவற்றுக்கு, போல்ட்டின் நீளத்தை அளந்து, குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் திரும்பப் போடலாம் என்றே கம்பெனி சொன்னது. வேறு சில கம்பெனிகள் அளக்கவே வேண்டாம், தூக்கிப்போடு என்கின்றன. கோணத்தில் இறுக்கும் போல்ட் எல்லாம் யீல்டைத் தாண்டுவதும் இல்லை. ஆக, தீர்ப்பு சொல்ல வேண்டியது அந்த எஞ்சினின் சர்வீஸ் மேனுவல். அது கையில் இல்லை, இறுக்கும் முறையில் 'டிகிரி' என்று வருகிறது என்றால் புதுசு போடுவதே புத்திசாலித்தனம். போடும் முன் பிளாக்கின் துளையில் ஆயிலோ தண்ணியோ தேங்கியிருக்கா என்றும் பாருங்க. அடிமூடிய துளையில் திரவம் மாட்டிக்கொண்டால் அதன் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம்.

ஹெட்டை இறக்கி ஏற்றும் கூலி, லேத் செலவு, கேஸ்கட், வண்டி நிற்கும் நாட்கள். இவற்றோடு வைத்துப் பார்த்தால் ஒரு செட் போல்ட்டின் விலை சின்னது. பழசை வைத்துக்கொண்டு மலை ஏறி, கேஸ்கட் திரும்பப் போனால் இத்தனையும் இரண்டாவது தடவை. அம்பாசிடர் மெக்கானிக்கின் சிக்கனம் அம்பாசிடரின் போல்ட்டுக்குச் சரியான கணக்கு. போல்ட் மாறிவிட்டதால் சிக்கனத்தின் கணக்கும் மாறிவிட்டது.