99 சுழியமான கதை: தெலங்கானா இண்டர்மீடியட் தேர்வு, 2019

ஐதராபாத்தில் இயங்கும் தெலங்கானா இண்டர்மீடியட் கல்வி வாரியத்தின் கணித வினாத்தாள் 75 மதிப்பெண்களுக்கு உரியதாக இருந்தது. 2 மதிப்பெண் வினாக்கள் பத்து. 4 மதிப்பெண் வினாக்கள் ஏழில் ஐந்து. 7 மதிப்பெண் வினாக்கள் ஏழில் ஐந்து. இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிநிலைகளுக்கு மதிப்பெண் உண்டு. மாணவரின் உழைப்பு வீணாகாதிருக்க வகுக்கப்பட்ட முறை அது.

எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான இறுதிக் கட்டம் ஒன்று உண்டு. திருத்துபவர் மொத்த மதிப்பெண்ணை ஓ.எம்.ஆர். படிவத்தில் வட்டங்களை நிரப்பிப் பதிய வேண்டும். விடைத்தாளில் உள்ள படிநிலைகளைக் கணினி அறியாது, வட்டங்களையே அறியும்.

2019 ஏப்ரல் 18 அன்று முடிவுகள் வெளியாயின. ஏறத்தாழ 9.7 லட்சம் பேர் எழுதிய தேர்வில் 3 லட்சத்திற்கும் மேற்பட்டோர் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டது. தெலுங்குப் பாடத்தில் 99 பெற்ற மாணவி ஒருவருக்குச் சுழியம் பதிவாகியிருந்தது. திருத்தியவர் 99க்கு மாறாக 00 வட்டங்களை நிரப்பியிருந்தார். சரிபார்த்தவரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த சில நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். ஒவ்வொரு மரணத்திற்கும் மதிப்பெண் பிழையே காரணம் என்று சொல்ல இயலாது. ஆயினும் முடிவுகளின் மீதிருந்த நம்பிக்கை தகர்ந்தது.

அரசு மூவர் குழுவை அமைத்தது. தோல்வியுற்றோரின் விடைத்தாள்கள் கட்டணமின்றி மறுசரிபார்ப்புக்கு உள்ளாயின. 1,137 பேர் தேர்ச்சி பெற்றனர். 3 லட்சத்தில் அது சிறு பின்னமே. ஆனால் அந்த 1,137 பேரும் ஒரு மாதத்திற்கும் மேலாகத் தோற்றவர்களாகவே வாழ்ந்தனர்.

தேர்வுகளின் வரலாற்றை எழுதுவோர் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் ஆராய்வது வழக்கம். திருத்துபவரின் பேனாவிற்கும் கணினிக்கும் இடைப்பட்ட அச்சிறு வட்டமும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும்.