வசம்பு
சதுப்பு நிலத்தில் வளரும் பூண்டின், வேர் என வழங்கும் மணமுள்ள மட்டத்தண்டு. பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லாதது என்றும் பெயருண்டு. விளக்குச் சுடரில் கருக்கி, உரைத்து, வயிறு உப்பிய குழந்தையின் தொப்புளைச் சுற்றிப் பூசுவது தமிழக வழக்கம். வாயுவை அகற்றவும் பசியைத் தூண்டவும் சித்த மருத்துவத்தில் சேர்க்கப்படுகிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளை அரிக்கும் பூச்சியை விரட்டும் பொடியிலும் இது உண்டு. அதன் ஐயமற்ற பயன் இதுவே எனலாம்.

இந்திய வசம்பின் எண்ணெயில் பீட்டா-அசரோன் என்னும் சேர்மம் மிகுதி. எலிகளில் இது புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால் 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவுப்பொருள்களில் சேர்க்கத் தடைவிதித்தது. வட அமெரிக்க இருமய (இரு குரோமோசோம் தொகுதியுள்ள) வகையில் இச்சேர்மம் இல்லை. கைக்குழந்தைக்கு உள்ளே புகட்டுவது, பாட்டி சொன்னாலும், தவிர்க்க வேண்டியது.