ஆறு வற்றின வருஷங்கள்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னாங்க. நான் எட்டாவதுதான் படிச்சவ. எங்க குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதிலேயே எங்க ஆத்தின் கதையும் இருந்தது.

நான் ஒகேனக்கல் பக்கம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. அருவி விழும்போது எழும் சாரல் புகை மாதிரி தெரிவதால் அந்தப் பேர். எங்க வீட்டுக்காரர் பரிசல் ஓட்டுகிறார். நான் மீன் வறுத்து விற்கிறேன். ஆத்தில் தண்ணி இருந்தால்தான் இரண்டு பேருக்கும் வேலை.

1989ல் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கியது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். எங்க குழு 2004ல் 12 பேரோடு ஆரம்பித்தது.

எங்க ஊரில் மழை பெய்தால் மட்டும் காவிரி நிறையாது. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பினால்தான் இங்கே ஆறு பெருகும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள். ஒரு கன அடி என்றால் நொடிக்கு சுமார் 28 லிட்டர். அது சில நூறு கன அடியாகக் குறைந்தால் பாறைகள் வெளியே தெரியும். பரிசலின் அடி கல்லில் உரசும். அருவியில் குளிக்கத் தண்ணி இல்லை என்றால் வெளியூர் ஜனம் ஏன் வரும்?

2016ல் இரண்டு பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. ஜூன் 12ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த வருஷம் அக்டோபர் 2ல்தான் திறந்தார்கள். அணையில் தண்ணி இறங்கினால், 1934ல் அணை கட்டி முடித்தபோது முழுகிப்போன பண்ணவாடி நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போவாங்க. எங்களுக்கோ அது அடுப்பு எரியாத காலம்.

அப்போ எங்க குழுவில் நாலு பேர் தவணை கட்டவில்லை. அதில் நானும் ஒருத்தி. நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு வெளியே வாங்கித்தான் சோறு பொங்கினேன். "கட்டாதவங்களை நீக்கிடலாம்"னு கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் தலை நிமிரவில்லை. எங்க தலைவி அக்கா எழுந்து, "ஆறு வத்தினதுக்கு இவளுங்க என்ன பண்ணுவாங்க? தண்ணி வர்ற வரைக்கும் வட்டி மட்டும் கட்டட்டும்"னாங்க. நாலு பேரின் அசல் தவணையை மீதி எட்டுப் பேர் பங்கு போட்டு பேங்குக்குக் கட்டினாங்க. தண்ணி வந்த பிறகு பரிசலுக்குத் தார் பூசக் கூட குழுவிலேயே கடன் கொடுத்தாங்க. எட்டு மாசத்தில் எல்லாத்தையும் அடைச்சோம். அந்தத் தீர்மானத்தில் என் கைநாட்டு இல்லை, கையெழுத்து இருக்கு.

2024 கோடையிலும் ஆறு ஓடை மாதிரி சுருங்கியது. ஜூலை கடைசியில் லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம். அப்போ பரிசல் ஓட்டத் தடை. குறைந்தாலும் வேலை இல்லை, பெருகினாலும் வேலை இல்லை. வெள்ளத்தில் தடை போடுவது உயிரைக் காக்கத்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வயிறு கேட்காதே!

இந்தத் தடவை நான் வட்டிக்கு வெளியே போகவில்லை. 2017க்குப் பிறகு சீசன் மாசங்களில் வாரத்துக்கு 20 ரூபாய் தனியாகச் சேர்த்தோம். 'ஆத்து நிதி'னு பேர் வெச்சோம். அதிலிருந்து வட்டியில்லாமல் எடுத்துக் கொடுத்தோம்.

ஆத்தை நம்பிப் பிழைக்கிற குழுக்கள் நம்ம கூட்டமைப்பில் இன்னும் இருக்கு. அவங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணி ஓடும்போதே வத்தும் மாசத்துக்கும் சேர்த்து வையுங்க. தவணை தவறின சகோதரியை நீக்கும் முன் ஆத்தையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க.