எது முதலில் திறந்தது?

சென்ற வாரம் பிளேக் பாஸ்போர்ட்டோடு நிறுத்தியிருந்தோம். பம்பாயில் பரவிய கொள்ளைநோயை முன்னிட்டு 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில், நோய் கண்ட ஊரிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வருகிறவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, பத்து நாள் அதிகாரி முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டுத் தமிழ்நாடு அரசு கையிலெடுத்ததும் அதே சட்டத்தைத்தான். சீட்டு மட்டும் இ-பாஸ் என்ற பெயரில் கைபேசிக்குள் வந்தது. அந்தச் சீட்டின் காலம் கேளம்பாக்கத்தில் எப்படிக் கழிந்தது என்று இந்த வாரம் பார்ப்போம்.

கேளம்பாக்கம் ஒரு கூட்டுரோடு ஊர். தெற்கே திருப்போரூர், வடக்கே சிறுசேரி, நாவலூர் தாண்டிச் சென்னை. மேற்கே போனால் வண்டலூர், கிழக்கே உப்பளங்களைக் கடந்தால் கோவளம் கடற்கரை. ஐ.டி. பூங்காவில் வேலை செய்கிறவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், மருத்துவக் கல்லூரிக்கு வரும் நோயாளிகள் என்று வெளியூர்க்காரர்களை நம்பித்தான் இங்கே மெஸ்ஸும் ஹாஸ்டலும் ஷேர் ஆட்டோவும் பிழைக்கின்றன. ஊரே அடங்கினாலும் சொந்த வயல் இருக்கிற கிராமம் எப்படியோ தாக்குப்பிடிக்கும். வருகிறவர்கள் நின்றால் கூட்டுரோடுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

தமிழ்நாட்டின் முதல் தொற்று 2020 மார்ச் 7-இல், ஓமனிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரிடம் உறுதியானது. செங்கல்பட்டு தனி மாவட்டமாகி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2019 நவம்பர் 29-இல்தான் பிரித்திருந்தார்கள். மார்ச் 24 மாலை மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு. மறுநாள் முதல் நாடு தழுவிய ஊரடங்கு. ஆறு மாதம் முன்பு இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்த மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பார்க்க ஆளில்லை.

ஜூன் முதல் தேதி தளர்வுகள் தொடங்கியபோது மாநிலத்தை எட்டு மண்டலங்களாகப் பிரித்தார்கள். சென்னைக் காவல் எல்லை 8-ஆம் மண்டலம், செங்கல்பட்டு 7-ஆம் மண்டலம். ஒரே சாலை, ஒரே பிழைப்பு, நடுவில் ஒரு கோடு. செம்மஞ்சேரியிலிருந்து நாவலூருக்கு வரக்கூட இ-பாஸ் வேண்டும். இந்த இரண்டு மண்டலங்களிலும் பேருந்தும் ஓடவில்லை. மாவட்டத்துக்குள் பேருந்து செப்டம்பர் 1-இல் வந்தது, மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல 7-ஆம் தேதி அனுமதித்தார்கள். பாரிமுனையிலிருந்து கேளம்பாக்கம் வரும் 102 மாவட்ட எல்லையைத் தாண்டி ஓடுகிற பேருந்து. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் அதில் ஏறிப் போகிறவர்களுக்கு அந்த ஐந்து மாதங்கள் என்னவாக இருந்திருக்கும் என்று எந்த அரசாணையிலும் எழுதியிருக்காது. ஐ.டி. ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவர்களில் பலர் சொந்த ஊருக்கே போய்விட, அவர்களுக்குச் சமைத்தவர்களும் துணி தேய்த்துக் கொடுத்தவர்களும் இங்கேயே இருந்தார்கள்.

இரண்டாம் அலை இதைவிடக் கொடியது. 2021 மே 10-இல் மீண்டும் முழு ஊரடங்கு, 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு. கையிலிருந்த ஒரே ஆயுதம் தடுப்பூசி. அதற்கும் தட்டுப்பாடு. இதே மாவட்டத்தில், செங்கல்பட்டு திருமணியில், 100 ஏக்கரில் மத்திய அரசு நிறுவனம் கட்டிய தடுப்பூசி வளாகம் உற்பத்தியே தொடங்காமல் நின்றது. மே 25-இல் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். ஊசிக்கு நாடே தவித்த மாதத்தில் அந்தக் கட்டடம் மூடிக் கிடந்ததை என்னால் இன்றும் ஆறுதலாக நினைக்க முடியவில்லை.

ஊசி வந்த இடத்தில் கை நீட்ட ஆளில்லை என்பது இன்னொரு பக்கம். கோவளம் மீனவர் குப்பத்தில் இரண்டு மாதங்களில் 58 பேர்தான் போட்டுக்கொண்டார்கள் என்று அப்போதைய நாளிதழ்கள் எழுதின. ஜூனில் தொண்டு அமைப்புகள் சில சேர்ந்து, ஊசி போட்டவர்களுக்குப் பிரியாணி, குலுக்கலில் மிக்ஸி, தங்க நாணயம், பம்பர் பரிசாக ஸ்கூட்டர் என்று அறிவித்தன. மூன்றே நாளில் 345 பேர் வந்தார்கள். பிரியாணிக்காக ஊசியா என்று நாடெங்கும் பேசிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பாக இல்லை. காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தால் படகு கரையிலேயே கிடக்கும். அன்றன்றைய பாட்டில்தான் அன்றன்றைய அடுப்பு எரிகிறது. ஊசி போட்டு இறந்தார்கள் என்ற வதந்தி கைபேசியில் வீடு வீடாக ஏறியிருந்தது. மறுத்துச் சொல்லத் தெரிந்த முகம் யாரும் வாசலுக்கு வரவில்லை. ஒரு பொட்டலம் சோற்றோடு அந்த முகம் வந்ததும் வந்தார்கள். அங்கே வேலை செய்தது பிரியாணி மட்டுமல்ல என்றுதான் நினைக்கிறேன்.

அரசாங்கம் எதை எந்த வரிசையில் திறந்தது என்று நாள்காட்டியை வைத்துப் பார்க்கிறேன். மாநிலத்தின் பெரும்பகுதியில் டாஸ்மாக் கடைகள் முதலில் திறந்தது 2020 மே 7. உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் அதே மாதம் 16-இல் மீண்டும் திறந்தார்கள். திரையரங்குகள் நவம்பர் 10. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19. இரண்டாம் அலையில் அவையும் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. மதுக்கடைக்கும் தொடக்கப் பள்ளிக்கும் நடுவில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. நோயின் நிலை மாதத்துக்கு மாதம் மாறியது, குழந்தைகளைக் காப்பது கடமை, எல்லாம் சரி. ஆனாலும் இந்த வரிசையை எழுதும்போது கை கூசுகிறது.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழான கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2022 மார்ச் 31-உடன் விலக்கிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது 2023 மே 5-இல். கேளம்பாக்கம் கூட்டுரோட்டின் பிள்ளைகளுக்கு அந்தத் தேதிகள் எதுவும் நினைவிருக்காது. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, பையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது அந்த நவம்பர் மாதத்தில். வகுப்பறையில் அதற்கு அதுதான் முதல் நாள்.

(தொடரும்)