களுதாவளையிற் குடிவழி கேட்டறிதல்

களுதாவளையிற் குடும்ப வரலாறு தேட முற்படும் இளைஞர் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழிலிருந்தே தொடங்குகின்றனர். அதிலே தந்தையின் பெயர் உண்டு; தாயின் பெயரும் உண்டு. குடிப்பெயர் அங்கில்லை. மட்டக்களப்புப் பிரதேசத்திற் குடி தாய்வழியே வருவது. ஒரே குடிக்குள் மணம் விலக்கு. ஆகவே தந்தை ஒரு குடியினர், பிள்ளைகள் வேறொரு குடியினர். தந்தையின் தலைப்பெழுத்தைப் பற்றிச் செல்பவர் முதற்படியிலேயே வேற்றுக் குடிக்குள் நுழைந்துவிடுகின்றார்.

இதனாற் கேட்கப்பட வேண்டியவர் அம்மம்மாவே. அவர் இல்லையெனின் அவர்தம் சகோதரி, அன்றேல் தாய்மாமன். தாய்மாமனும் மருமக்களும் ஒரே குடியினராதலின், ஆண்களுள் இதனை உரிமையோடு கூறத்தக்கவர் அவரே. அவ்வுரிமைக்கு ஒருகாலத்திற் சட்டவலுவும் இருந்தது. இப்பகுதியில் வழங்கிய முக்குவச் சட்டத்தின்படி முதுசச் சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மக்களுக்கே சென்றது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோடு அவ்வழக்கு நீங்கிற்று. சொத்துரிமை மாறிய பின்னரும் கோயிற் கடமைகளிலும் கலியாணப் பேச்சிலும் குடி கேட்கப்பட்டே வந்துள்ளது.

1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் குடிகளைப் பற்றிப் பேசுகின்றது. ஆயினும் ஒரு வீட்டுப் பெண்களின் பெயர்களை அங்கே தேடுவது வீண். அவற்றை வாய்மொழியாகவே பெறல் வேண்டும்.

கேட்கும் முறையும் கவனிக்கத்தக்கது. எந்த ஆண்டு என வினவினால் முதியோர் மௌனமாவர். 1957ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு முன்னரோ பின்னரோ, 1978 நவெம்பர்ச் சூறாவளியின்போது மூத்த பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டால் விடை வரும். அவற்றுக்கும் முந்திய காலத்துக்கு வீடே துணை. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்வதால், 'இந்த வளவை யார் யாருக்குக் கொடுத்தது?' என்ற ஒரு வினாவே தாய், அவர் தாய், அவருக்கும் தாய் எனப் பெண்களை வரிசையாக நிறுத்திவிடும். காணி உறுதி கையிலிருப்பின் அவ்வரிசையை ஒப்புநோக்கலாம். ஒப்புநோக்கத்தான் வேண்டும், தம் குடியின் பெருமையைச் சற்றே கூட்டிச் சொல்லாத முதியவர் அரியர்! அக்குடியிற் பெண்ணெடுத்த முதியவரைத் தனியே கேட்டல் நன்று. பெருக்கிக் கூறும் தேவை அவருக்குக் குறைவு.

எல்லா வீடுகளிலும் உறுதி இல்லை. சூறாவளியும் 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வும் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையும் இக்கரையோரத்துக் காகிதங்கள் பலவற்றைக் கொண்டுபோயின. அவ்வீடுகளில் எஞ்சியிருப்பது முதிய பெண்ணொருவரின் நினைவே. 1957ஆம் ஆண்டு வெள்ளத்தை மணப்பெண்ணாக இருந்து கண்டவர் இன்று எண்பத்தைந்தை அண்மியிருப்பார், அன்றேல் கடந்திருப்பார்.